கிராம்புச் சாறு

இரண்டாவது பெட்டியின் மூடியை அப்பா நெம்பித் திறந்ததும், சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

உள்ளே ஒரு ஆரஞ்சாவது உருப்படியாக இருக்க வேண்டுமே! எல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பிடித்து, தொட்டால் விரல் உள்ளே போகிற பதத்தில் கிடந்தன.

பெட்டியில் மாட்டியிருந்த சீட்டை அப்பா வாய்விட்டுப் படித்தார். அதில் ‘அண்ணன்’ என்று எழுதியிருந்தது.

முதலில் திறந்த பெட்டியின் சீட்டில் ‘தங்கை’. அதில் பழங்கள் நேற்றுப் பறித்தவை மாதிரி பளபளவென்று இருந்தன.

கிராம்பைக் காய்ச்சி, அந்தச் சாற்றில் பழத்தை முக்கி எடுத்தால் பூசணம் கிட்ட வராது என்று தங்கை படித்துவிட்டு வந்து சொன்னபோது, கிடங்கே சிரிக்கும்படி கேலி செய்தது அண்ணன்தான். “பழத்துக்கென்ன ஜலதோஷமா, கஷாயம் குடுக்கறதுக்கு?” என்றான். பழத்தைத் துடைத்து, நிழலில் ஆறப்போட்டு, அழுத்தமில்லாமல் அடுக்குவது அவன் வழி. கிடங்கு அவன் பொறுப்பில்தான் இத்தனை வருடமாக இருந்தது.

சண்டை வேண்டாம் என்று அப்பா ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார். இரண்டையும் ஆணி அடித்து மூடி, ஒரே மூலையில் வைத்தார். யார் பெட்டி பிழைக்கிறதோ அவர் வழியில்தான் மொத்தச் சரக்கும்.

மொத்தச் சரக்கு என்றால் குடும்பத்தின் ஒரு வருடம். கூரை வரைக்கும் கூடை கூடையாக அடுக்கியிருந்தது. அது போனால் தோட்டமே போன மாதிரி.

“பெரிய தொட்டியில தண்ணி ரொப்புங்கப்பா! காய்ச்சின சாறு முழுக்க ஊத்துங்க” என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு குஷி.

“கஷாயம் ஜெயிச்சிடுச்சே அண்ணே!” என்று கூடை தூக்குகிறவர்களில் ஒருவர் சீண்டினார்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தோற்றுப்போன வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும். அதுவாவது கொஞ்சம் கௌரவமான வெட்கம்.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போனபோது, அவன் மட்டும் உள்ளே வந்து இரண்டு சீட்டுகளையும் மாற்றி வைத்திருந்தான்.

மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கிடங்கு முழுக்கக் கிராம்பு வாசனை தூக்கிக்கொண்டிருந்ததில் எந்தப் பெட்டி எப்படி என்று மூக்குக்கும் தெரியவில்லை. தோற்கப்போகிறோம் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். கொஞ்ச நாளாக அப்பா எதற்கெடுத்தாலும், “நீ சொல்லும்மா” என்று அவளைத்தான் கேட்கிறார். அது அவனுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஜெயித்தது அவன் பெட்டி. அதைக் கொண்டுபோய்த் தங்கை பெயரில் மாட்டிவைத்திருக்கிறான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட புத்திசாலி! சாறு போதவில்லையோ, ஈரம் நின்றுவிட்டதோ, யார் கண்டது? அழுகியது சாற்றில் முக்கியெடுத்த பழம். இப்போது கிடங்கு மொத்தமும் அதே சாற்றில் இறங்கப்போகிறது.

தங்கை பக்கத்தில் வந்தாள்.

“வருத்தப்படாதண்ணா. அடுக்கறதுல உன்ன அடிச்சுக்க ஆளே கிடையாது. முக்கி எடுத்ததும் நீதான் அடுக்கித் தரணும்.”

அவள் கேலி செய்திருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதல் கூடையை இரண்டு பேர் தூக்கினார்கள்.

“நிறுத்துங்கப்பா!” என்று கத்திவிட்டான். “சீட்டை நான்தான் மாத்தி வெச்சேன். அழுகினது அவ பெட்டி. நல்லாருக்கறது என்னோடது.”

யாரோ குழாயை மூடினார்கள்.

அப்பா கை ஓங்குவார் என்று நினைத்தான். ஓங்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தே நின்றான்.

அப்பா அவனை நேராகப் பார்க்காமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“தங்கச்சி ஜெயிச்சது உனக்கு அவ்வளவு பொறுக்கலையாடா?”

“சத்தியமாப்பா... நான்தான் மாத்தினேன்.”

குரல் கீச்சென்று வந்தது. அவன் காதுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. வேலையாட்கள் அவனுக்காகக் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. “விடுங்கப்பா, அண்ணன் ஏதோ ஆத்தாமையில பேசுது” என்றாள்.

பிறகு அவளே குழாயைத் திறந்துவிட்டாள். முதல் கூடை தொட்டிக்குள் இறங்கியது.