பொம்மையின் சட்டை

ஊர் நிலம் பொதுவாக இருந்தவரை குருவி விரட்டும் கொல்லைப் பொம்மையும் ஒன்றுதான். வீட்டுக்கொரு பழந்துணி கொடுத்து அதற்கு உடுத்துவார்கள். நிலத்தைப் பிரித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்ட அன்று, அவரவர் துணியை அவரவர் உருவிக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போடாமல் பிரிவினைக்குக் குறுக்கே நின்ற கொளஞ்சி மட்டும் தன் வேட்டியை எடுக்கவில்லை. "ஊருக்குக் குடுத்தத எப்படித் திருப்பி வாங்குறது?" என்றான்.

மறுநாள் காலையில் பொம்மை ஒரு சட்டையும் போட்டிருந்தது. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தங்கள் வரப்புக்குப் போய் வேலிக்கு முளை அடித்தார்கள். கொளஞ்சியின் மனைவி அஞ்சலை கிட்டே வந்து சட்டையின் சிவப்புப் பொத்தானைத் தொட்டாள்.

"நேத்து நான் தச்ச பொத்தான். இதப் போட்டுக்கிட்டுத்தான் ராத்திரி தண்ணி பாய்ச்ச வந்தாரு. ஆளு எங்க?"

முளை அடிக்கும் சத்தம் நின்றது. பிறகு எல்லா வரப்புகளிலிருந்தும் ஒன்றாகத் தொடங்கியது.