மறதிக்கு ஒரு கேக்

"இந்த வாரமும் நான்தான்" என்று சொல்லிக்கொண்டே பேராசிரியர் போடில் கேக் பெட்டியை மேசையில் வைத்தார். "நேத்து ஃப்ரீசர் கதவைச் சரியா சாத்தாம போயிட்டேன். மன்னிச்சுக்கோங்க, சாப்பிடுங்க."

ஓடென்ஸ நகரத்தில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு சட்டம். தப்பு செய்தவர் தானாக ஒப்புக்கொண்டு, வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். திட்டு கிடையாது, விசாரணை கிடையாது. சட்டம் போட்டவரே போடில்தான். கொஞ்ச நாளாகக் கேக்கும் அவர் ஒருவரே வாங்கி வருகிறார்.

போன வாரம் மருந்துக் குப்பியைக் கொண்டுபோய்க் காபி அறையில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டாராம். அதற்கு முந்தின வாரம் செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டாராம்.

அவரிடம் வேலை செய்யும் இளம் ஆய்வாளன் ட்ரோல்ஸ் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டான். மேலே உருகி வழிந்த சர்க்கரையை நக்கியபடி, கூட வேலை செய்யும் ரிக்கெயின் காதருகே குனிந்தான்.

"முப்பது வருஷமா மறதி நோயை ஆராய்ச்சி பண்ணாங்க. கடைசியில அது அவங்களையே பிடிச்சுக்கிச்சு."

"சும்மா இருங்க ட்ரோல்ஸ். வயசாகுதில்ல."

"ஆகட்டும். அதுக்கு என் சாம்பிள்தான் கிடைச்சுதா? செத்தவங்க தானமா குடுத்த மூளை ரிக்கெ, அது! ஒரு புரதம் ஏன் கட்டிக் கட்டியா சேருதுன்னு கண்டுபிடிக்க நான் நாயா உழைக்கறேன். இவங்க கதவைத் திறந்து போட்டுட்டு கேக் வாங்கிட்டு வர்றாங்க." சொல்லி முடிப்பதற்குள் ஒரு நீளக் கொட்டாவி வந்தது.

"ராத்திரி தூங்கலையா?"

"பாப்பாவுக்குப் பல்லு முளைக்குது. எங்க தூங்கறது? பேச்சை மாத்தாதீங்க. என் வேலை நிரந்தரமா இல்லையான்னு கமிட்டி முடிவு பண்ணப்போகுது. எனக்காகப் பேசப்போறது போடில். அங்க போய் உக்காந்து என் பேரையே மறந்துட்டாங்கன்னா?"

ரிக்கெ சிரித்துவிட்டாள். ட்ரோல்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே துறைத் தலைவர் ப்ரெபனிடம் போனான். கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். கோள் சொல்லப் போகவில்லை, அறிவியலைக் காப்பாற்றப் போகிறோம் என்று படியேறும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அவங்களைக் கௌரவமா ஓய்வுல அனுப்பிடறது நல்லதுங்க" என்றான்.

"ஆதாரம்?"

"வாராவாரம் கேக் வருதே!"

"கேக் வாங்கினதுக்கா ஒருத்தரை வீட்டுக்கு அனுப்ப முடியும்? கண்ணால பார்த்தா வந்து கூப்பிடு."

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஃப்ரீசர் அறையில் அலாரம் அலறியது. ட்ரோல்ஸ் ஓடினான். கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. வெள்ளைப் புகை தரையில் வழிந்துகொண்டிருந்தது.

உள்ளே இருப்பது அவனுடைய சாம்பிள்தான். உடனே சாத்தியிருக்க வேண்டும். சாத்தினால் ஆதாரம் போய்விடுமே! அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் பறந்தான். போன வேகத்தில் ப்ரெபனைக் கையோடு இழுத்து வந்தான்.

"பாருங்க! நான் தொடக்கூட இல்லை."

"முதல்ல சாத்த மாட்டியா? உன் சாம்பிள்தானேப்பா!" என்று கடிந்துகொண்டே ப்ரெபன் தடித்த கையுறையை மாட்டினார். கதவைத் தள்ளினார். அது மூடவில்லை. மேல்தட்டில் எதுவோ இடித்தது. அதை வெளியே எடுத்தார்.

"இது என்ன சாம்பிள்?"

குழந்தைப் பால்புட்டி. கல்லாக உறைந்திருந்தது. குழந்தைகள் காப்பகத்துக்காரர்கள் கேட்டபடி, மேலே பெயர் ஒட்டியிருந்தது. அஸ்டா.

அஸ்டா ட்ரோல்ஸின் மகள்.

 காலையில் வந்ததும் வராததுமாகச் சாம்பிள் வைக்க இங்கே வந்தவன் அவன்தான். புட்டியைக் காப்பகத்தில் கொடுத்துவிட்டதாகத்தான் இந்த நிமிஷம் வரை நினைத்திருந்தான். அப்படியானால் போன வாரம் திறந்து கிடந்த கதவு? அதற்கு முந்தின வாரம் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்த குப்பி? காபி அறையில் தினமும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறவன் யார்? போடில் காலையில் டீதான் குடிப்பார், வெண்ணெயைத் தொடவே மாட்டார். வேலை கைநழுவிப் போவது ட்ரோல்ஸின் கண்ணுக்குத் தெரிந்தது. கூட்டி வந்தவனே அவன்தான், யாரை நொந்துகொள்வது?

அப்போது போடில் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அலாரம் அவர் கைபேசிக்கும் போயிருக்கிறது. தலையில் சைக்கிள் ஹெல்மெட், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கையில் கேக் பெட்டி. வருகிற வழியிலேயே கடையில் நிறுத்தி வாங்கியிருக்கிறார்.

"ஐயோ, கதவா? நான்தான் ப்ரெபன். மறந்துட்டேன்."

"நீங்க இப்பத்தானே வர்றீங்க?"

"ஆமா, இப்பத்தான் வர்றேன். ஆனா நான்தான்."

ப்ரெபன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பால்புட்டியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"அப்ப இதுவும் உங்களுதுதானா?"

போடில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒட்டியிருந்த பெயரை நிதானமாகப் படித்தார். வெளிறி நின்ற ட்ரோல்ஸை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னுதுதான். டீயில ஊத்திக்க வெச்சிருந்தேன்."