வைஃபை திருட்டு

“என் வைஃபைய ஓசியில இழுத்து நீங்க படம் பார்க்கறீங்க. அதனாலதான் மாடியில என் கேம் நகரமாட்டேங்குது!”

முதல் ஷிப்டு முடித்து வந்த அருண்குமார், கீழ்வீட்டு வாசலில் நின்று பிளாக் முழுவதற்கும் கேட்கும்படி கத்தினான். மூன்று மாதங்களாகவே அவனுடைய கேம் கன்சோலில் ஆன்லைன் ஆட்டம் திணறிக்கொண்டிருந்தது. மோடத்தை அதன் அருகிலேயே வைத்துப் பார்த்தான். பாஸ்வேர்டை நான்கு முறை மாற்றினான். பயனில்லை.

“வார்த்தைய அளந்து பேசுங்க சார். எனக்குத் தனி லைன் இருக்குது,” என்றாள் கீழ்வீட்டு இசைப்பிரியா.

“திருடறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. நாளைக்கே டவுன்ஷிப் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன். குவார்ட்டர்ஸே போயிடும், பாத்துக்கோங்க.”

எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. அத்தனை பேர் முன்னிலையில் திருடி என்ற பெயரோடு நிற்க அவளுக்கு மனமில்லை.

“சரி, என் மோடத்தையே அணைக்கறேன். அப்புறம் உங்க கேம் பறக்குதான்னு மேல கேளுங்க.”

அவள் சுவிட்சைத் தட்டினாள். அடுத்த நொடியே, மாடியில் திரைமுன் காத்திருந்த அவன் மனைவி சங்கீதா குரல் கொடுத்தாள்.

“என்னங்க, சுத்தமா நின்னுபோச்சு! நெட்டே இல்லைன்னு வருது!”

இசைப்பிரியா கூடியிருந்தவர்களிடம் திரும்பினாள்.

“மூணு மாசம் முன்னாடி சாரும் நாங்களும் வூடு மாத்திக்கினோம். லைனும் மோடமும் அந்தந்த வூட்டோடயே இருக்கட்டும்னு அவர்தான் சொன்னார். இங்க அவர் வெச்ச பாஸ்வேர்டை நானும் மாத்தல. சார் மாடிக்குப் போயிட்டார். அவரோட கேம் பெட்டி மட்டும் இன்னும் என் வூட்டு வைஃபையிலயே குடியிருக்குது!”