பெல்சிக்கு வராத வசனம்

எங்கள் சாக்கோட்டை மாதா கோயில் திருவிழா நாடகத்தில் மகள் வேடத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். ரெட்டைச் சடை போட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டினால் நாற்பத்து மூன்று வயது மறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

கொடுமைக்கார அம்மா வேடத்துக்கு யாரும் முன்வரவில்லை. பெல்சி மட்டும் கை தூக்கினாள்.

ஒத்திகையில் அவள் வசனத்தாளைத் தொடவே இல்லை.

"கண்ணாடி முன்னாடி என்னடி வேலை? இந்த மூஞ்சிக்குப் பவுடர் ஒரு கேடா? பக்கத்து வீட்டுப் புள்ளையப் பாரு, எப்படி இருக்கான்னு!"

எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. நடிப்பு என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கடைசிக் காட்சியில் அம்மா மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெல்சி வாயே திறக்கவில்லை.

நாடகத்தை நடத்தும் ஜெரால்டு வாத்தியார் பதறினார். "நாளைக்கு நாடகம்! அம்புட்டு வசனமும் மடமடன்னு வந்துச்சு, இந்த ஒத்தை வரி வரலையாக்கும்?"

"அதெல்லாம் தெனமும் வீட்ல கேக்குறது சார். இதை மட்டும் எங்கம்மா சொல்லிக் கேட்டதே இல்ல."

வாத்தியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "பெத்தவுக நீங்கதான இருக்கீக. புள்ளைக்குச் சொல்லிக் குடுங்க."

ரிப்பனைச் சரிசெய்துகொண்டு என் மகள் முன்னால் போய் நின்றேன்.

"என்னை..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கும் வரவில்லை.

பெல்சி வசனத்தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"பரவால்லம்மா, பாத்தே படி."