வளைவை மட்டும் பாருங்க

“பேனாவைச் சாய்ச்சுப் பிடிச்சு எழுதறது என்ன பெரிய வித்தையா?” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் கணவர்.

அழகெழுத்து வகுப்பு நடத்தும் மனைவி, பட்டை நிப் பேனாவை நீட்டினாள்.

“இந்த ஒரு வரியை எழுதிப் பழகுங்க. காலு, கொம்பு, சுழி எல்லாம் இதுலயே வந்துடும். வளைவை மட்டும் பாருங்க.”

ஒரு மாதம் ‘ழு’ அவரைப் படாத பாடு படுத்தியது. வால் சரியாக வந்தால் வயிறு உப்பியது. வயிறு அடங்கினால் வால் கோணியது. ஒருவழியாகக் கைவந்ததும், கீழே பெருமையாகக் கையெழுத்தும் போட்டார்.

மனைவி அதைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினாள்.

“ஹால்ல மாட்டலாமே?”

“இங்கதான் நல்ல வெளிச்சம்.”

ஞாயிற்றுக்கிழமை வந்த மைத்துனனைக் கையோடு இழுத்துப் போய்க் காட்டினார்.

“அந்த ‘ழு’வைப் பாரு மச்சான்.”

அவன் முழு வரியையும் உரக்கப் படித்தான்.

“இனிமேல் பாத்திரமெல்லாம் நானே கழுவுகிறேன்... நிஜமாவா மாமா?”

“கையெழுத்தே போட்டுக் கொடுத்துட்டாருடா” என்றாள் மனைவி, சாப்பிட்ட தட்டுகளைத் தொட்டியில் போட்டபடி.

மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்காவது ஒரு பிழை இருக்காதா என்று வரியைத் துழாவினார்.

ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.