நானூறு இண்டர்வியூ

"ஒரே வேலைக்கு நானூறு இண்டர்வியூ போய், நானூறுலயும் செலக்ட் ஆன ஒரே ஆள் இந்த பூமியிலேயே நான்தான்!" என்றார் பென்ஷன்காரர், மாடிப்படி ஓரமாக நின்று டையைச் சரிசெய்தபடி.

"ரொம்ப அளக்காதீங்க சார்" என்றார், நேற்றுதான் மாடிக்குக் குடிவந்தவர். "ஒருதடவை செலக்ட் ஆனா அப்புறம் எதுக்கு இண்டர்வியூ?"

"கூட வந்து பாருங்க. வாயை மட்டும் திறக்காதீங்க. இந்த வேலை கிடைக்கலைன்னா இன்னிக்கு ஒரு ஜீவன் பட்டினி."

கீழ்வீட்டின் திறந்த கதவைத் தட்டினார். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி அணிந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"உட்காருங்க. என்ன வேலைக்கு வந்தீங்க?"

"உங்களைக் கவனிச்சுக்கிற வேலைம்மா. மாத்திரை கொடுப்பேன், சாப்பாடு ஊட்டுவேன், தலை வாரி விடுவேன்."

"முன் அனுபவம்?"

"நாற்பத்தொரு வருஷம். ஒரே இடம்."

"அதை ஏன் விட்டீங்க?"

"நான் விடலைம்மா. அவங்கதான் என்னை மறந்துட்டாங்க."

அம்மாளின் முகம் இளகியது.

"அவங்களுக்குக் கொடுத்து வைக்கலை. நீங்க இப்பவே சேர்ந்துக்குங்க" என்று சீப்பை நீட்டினார்.

பென்ஷன்காரர் தலை வாரியபடியே மாடிவீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தார்.

"என் சம்சாரம்தான். முப்பது வருஷம் ஆபீசுக்கு ஆளெடுத்தவ. இப்போ மறதி நோய். புருஷன்னு சொன்னா, எவனோ வீட்டுக்குள்ள புகுந்துட்டான்னு கத்துறா. வேலை கேட்டு வந்தா, உட்காரச் சொல்றா. மறுநாள் அதுவும் மறந்துடுது, மறுபடி இண்டர்வியூ."

மாடிவீட்டுக்காரரும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இனிமே எவனாவது புளுகுன்னு சொன்னா மாடிக்கு அனுப்புங்க சார். என் கண் முன்னாலதான் செலக்ட் ஆனீங்கன்னு நானே சாட்சி சொல்றேன்."