இன்னொருக்கா

இசைத்தட்டில் ஊசி சிக்கிவிட்டது என்றுதான் ராகவி நினைத்தாள்.

"இன்... இன்... இன்..." என்று மூன்று தரம் திக்கிய பெண்குரல் அப்படியே நின்றுபோனது. மேளமும் இல்லை, கீபோர்டும் இல்லை. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஊசியைத் தூக்கக் கையை நீட்டினாள். அதற்குள் குரல் வெடித்துக்கொண்டு வந்தது.

"இன்னொருக்கா!"

"அம்மா! டமில்! இதில டமில் இருக்கு!"

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த இராஜேஸ்வரி கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். சொந்தக் குரல் தெரியாமல் போக அவளுக்கென்ன காது செவிடா?

பழைய இசைத்தட்டுக் கடையொன்றில் மகள் அள்ளிக்கொண்டு வந்தவற்றில் இதுவும் ஒன்று. நடுவில் ஒட்டியிருந்த தாளில் 1992 என்று இருந்தது. பாடியவர் பெயர் மரீஸாவாம். எந்த மரீஸா? யாரடி அவள்?

முதலில் குடியிருந்த ஸ்ட்ராத்ஃபீல்டில், டோனி என்ற இத்தாலிக்காரனின் கராஜில் நின்று பாடியவள் இராஜேஸ்வரி. அப்போது இருபத்து மூன்று வயது. அந்த வகைப் பாட்டை ஃப்ரீஸ்டைல் என்பார்கள், மெசின் மேளம் படபடக்க, காதலில் ஏமாந்த ஒருத்தி மேலே நின்று உருகுவாள். கிளப்புகளில் அதன் மவுசு இறங்கிக்கொண்டிருந்த காலம். அது கராஜில் நின்றவர்களுக்கு யார் சொன்னது? டோனிக்கு ஒரு குரல் வேண்டும் என்று, அவனோடு தொழிற்சாலையில் வேலை செய்த இந்திரகுமார்தான் அவளைக் கூட்டிப்போனார்.

பத்துத் தடவை பாடினாள். பதினோராவது தடவை ஆங்கில வரி நாக்கில் இடறிவிட்டது.

"ஐயோ, பிழைச்சுப் போச்சு. இன்னொருக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். திக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அந்த ஒரு சொல்லை வெட்டி, திக்கவைத்து, மூச்சைப் பிடித்து நிறுத்தியதெல்லாம் பிறகு மெசினில் செய்த வேலை. அவளுடைய பிழைதான் பாட்டின் உயிராகியிருக்கிறது. நல்ல கூத்து!

இரண்டு மாதம் கழித்து இந்திரகுமார் தொங்கிய முகத்தோடு வந்தார். இசைத்தட்டுக் கொம்பனிக்காரருக்கு அவளுடைய குரல் பிடிக்கவில்லையாம், டோனி நாடாவையே அழித்துவிட்டானாம். அவள் மூன்று நாள் அழுதாள். மூன்று நாளும் வந்திருந்து ஆறுதல் சொன்னார். அந்த வருஷமே அவரோடு கல்யாணம்.

அதற்குப் பிறகு அவள் வாய் திறந்து பாடியதில்லை. கோயில் பஜனையில் கைதான் தட்டுவாள். பிறந்தநாள் பாட்டுக்குக்கூட வாயை மட்டும் அசைப்பாள். ராகவிக்குத் தாலாட்டு இல்லை. தகப்பன்தான் தொட்டில் சட்டத்தில் விரலால் தாளம் தட்டித் தூங்கவைப்பார். எவருக்கும் வேண்டாத குரலைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் கொடுக்கவேண்டும் என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

டண்டினொங்கில் மீன் வாங்கப் போயிருந்த இந்திரகுமார் வந்து சேர்ந்தபோது, அவள் டோனியின் பரம்பரையையே திட்டித் தீர்த்திருந்தாள். விஷயம் கேட்டதும் அவருக்கும் கோபம் வந்தது.

"களவெடுத்திட்டான், பாருமன்! நாசமாப் போவான். சத்தியமா, இப்பிடி ஒண்டு வெளிய வந்ததே எனக்குத் தெரியாது."

சொன்னபடியே குசினிக்குள் போய், மீன் குழம்புக்கு வெங்காயம் அரியத் தொடங்கினார்.

"அப்பா, நீங்களும் கேளுங்கோ" என்று ராகவி மறுபடி ஊசியை வைத்தாள்.

இராஜேஸ்வரி கதிரையில் இருந்தபடியே குசினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரலைக் கேட்கும்போது புருஷனின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவளுக்கு ஆசை. இத்தனை வயதில் அப்படியொரு ஆசை.

இன்... இன்... இன்...

டக், டக், டக் என்று கத்தி பலகையில் விழுந்தது.

பாட்டு நின்றது. கத்தியும் அந்தரத்தில் நின்றது.

"இன்னொருக்கா!"

சரியாக அந்தச் சொல்லின் தலையில் டக்கென்று இறங்கியது கத்தி. பிறகு வழக்கம்போல வெங்காயத்தை அரிந்துகொண்டு போனது.

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

முதல்முறை கேட்கிற எவரும் அந்த இடத்தில் தடுமாறுவார்கள். ராகவி தடுமாறினாள். பாடியவளே தடுமாறினாள்.

மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. தொட்டில் சட்டத்தில் இதுதான். சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் இதுதான். கை சும்மா இருக்காத மனுஷன் என்று முப்பது வருஷமாகச் சனத்துக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்றே தெரிந்திருக்கிறது இவருக்கு. கொம்பனிக்காரர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

அடப்பாவி! பெற்ற பிள்ளைக்கு ஒரு தாலாட்டுப் பாடவில்லையே நான்.

மடித்த துணிகளை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இன்னொருக்கா போடு, பிள்ளை."

அவள் வாயிலிருந்து வந்ததும் தட்டிலிருந்து வந்ததும் ஒரே குரல். ராகவி சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்து அந்த இடத்துக்குச் சற்று முன்னால் வைத்தாள்.

இன்... இன்... இன்...

இந்த முறை அவன் கத்தி அசையவில்லை.